ரைட்ஸ் இஷ்யூ வந்தால் என்ன செய்வது? முதல்முறை பங்குதாரருக்குப் படிப்படியான வழிகாட்டி

என் டீமேட் கணக்கில் ஒருநாள் புதிதாக ஒரு வரி வந்திருந்தது. நான் பங்கு வைத்திருந்த நிறுவனத்தின் பெயர், அதன் வாலில் ‘ஆர்இ’ என்று இரண்டு எழுத்து, எண்ணிக்கை 60. போனஸ் பங்கு ஏதோ வந்திருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் அந்த வரியே இல்லை. புரோக்கரிடம் கேட்டபோதுதான் தெரிந்தது: அது ரைட்ஸ் இஷ்யூவில் எனக்குக் கிடைத்த உரிமை (ரைட்ஸ் என்டைட்டில்மென்ட், சுருக்கமாக ஆர்இ). பணம் கட்டிப் பங்காக மாற்றியிருக்கலாம், வேண்டாமென்றால் சந்தையில் விற்றுக் காசாக்கியிருக்கலாம். இரண்டும் செய்யாததால் காலாவதியாகிவிட்டது. விற்றிருந்தால் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கையில் வந்திருக்கும்.

அடுத்த முறை அம்மாவின் கணக்கில் இதே போல வந்தது. இந்தத் தடவை விழிப்பாக இருந்தேன், விண்ணப்பித்தேன், நிராகரிக்கப்பட்டது. மூன்றாவது முறைதான் எல்லாம் சரியாக நடந்தது. இந்தியாவில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் பத்தோ இருபதோ பங்கு வைத்திருக்கும், இதுவரை ரைட்ஸ் இஷ்யூவைச் சந்திக்காத ஒருவருக்காக இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள். பணம் போடலாம், விற்கலாம், எது செய்தாலும் பரவாயில்லை. ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான் நிச்சயமான நஷ்டம்.

1. அறிவிப்பு எந்த வகை என்று முதலில் பாருங்கள்

‘நிறுவனம் 2,000 கோடி திரட்டப் போகிறது’ என்று செய்தி வந்ததும் பலர் பதறுகிறார்கள். எந்த வழியில் திரட்டுகிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்களுக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்பது தெரியும்.

ரைட்ஸ் இஷ்யூ என்றால், ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுக்கு ஏற்ப, பெரும்பாலும் சந்தை விலையைவிடக் குறைந்த விலையில் புதிய பங்கு கொடுப்பது. உங்களுக்கு வேலை இருப்பது இதில்தான்.

எஃப்பிஓ என்றால் ஏற்கெனவே பட்டியலில் உள்ள நிறுவனம் மறுபடியும் பொதுமக்களிடம் பங்கு விற்பது, பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ஐபிஓவுக்குப் போடுவது போலத்தான், விருப்பம் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். கியூஐபி என்பது மியூச்சுவல் ஃபண்டு, காப்பீட்டு நிறுவனம் போன்ற பெரிய முதலீட்டாளர்களுக்கு மட்டும். நீங்களும் நானும் கேட்டாலும் கிடைக்காது. பிரிஃபரென்ஷியல் ஒதுக்கீடு குறிப்பிட்ட சிலருக்குக் கொடுப்பது. இவை மூன்றிலும் பங்குகளின் மொத்த எண்ணிக்கை கூடுவதால் நிறுவனத்தில் உங்கள் பங்கின் விகிதம் சிறிது குறையும், அதைத் தவிர நீங்கள் நிரப்ப வேண்டிய படிவம் எதுவும் கிடையாது.

ஓஎஃப்எஸ் என்ற பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அதில் புதிய பங்கே வெளியிடப்படுவதில்லை. ப்ரொமோட்டரோ (நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்) வேறொரு பெரிய பங்குதாரரோ தன் கையில் இருப்பதை விற்கிறார், பணம் அவருக்குப் போகிறது, நிறுவனத்துக்கு அல்ல.

2. நான்கு தேதிகளைத் தாளில் எழுதி வையுங்கள்

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2025 ஏப்ரல் முதல் விதியை மாற்றிவிட்டது. இயக்குநர் குழு ரைட்ஸ் இஷ்யூவுக்கு ஒப்புதல் கொடுத்த நாளிலிருந்து 23 வேலை நாட்களுக்குள் மொத்த வேலையும் முடிந்துவிட வேண்டும். முன்பெல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும். இப்போது செய்தியைப் படித்து ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று வைத்தால் அடுத்த மாதம் எதுவும் மிச்சமிருக்காது. அதனால் அறிவிப்பு வந்த அன்றே இந்தத் தேதிகளைக் குறித்துவிடுங்கள்.

முதலாவது, ரெக்கார்டு தேதி. அன்று உங்கள் டீமேட்டில் பங்கு இருந்தால்தான் உரிமை. நம் சந்தையில் வாங்கிய பங்கு அடுத்த வேலை நாளில்தான் கணக்குக்கு வருகிறது. ஆகவே உரிமை வேண்டுமென்றால் ரெக்கார்டு தேதிக்கு முந்தைய வர்த்தக நாளிலேயே வாங்கியிருக்க வேண்டும். ரெக்கார்டு தேதி அன்று காலையில் வாங்கினால் கிடைக்காது. இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும்: ரெக்கார்டு தேதி அன்றோ அதற்குப் பிறகோ பங்கை விற்றாலும் உரிமை உங்களிடமே இருக்கும்.

இரண்டாவது, வெளியீடு திறக்கும் தேதி. அன்றிலிருந்து விண்ணப்பிக்கலாம், ஆர்இயை விற்கவும் செய்யலாம்.

மூன்றாவது, ஆர்இ வர்த்தகம் முடியும் தேதி. எல்லாரும் தவறவிடுவது இதைத்தான். வெளியீடு முடிவதற்குச் சில நாட்கள் முன்பே ஆர்இ வர்த்தகம் நின்றுவிடும். 2020ல் ரிலையன்ஸ் ரைட்ஸ் இஷ்யூ மே 20ல் தொடங்கி ஜூன் 3ல் முடிந்தது. ஆனால் ஆர்இயைச் சந்தையில் விற்கக் கடைசி நாள் மே 29. ஜூன் 1 அன்று விற்கலாம் என்று உட்கார்ந்தவரால் விற்க முடிந்திருக்காது.

நான்காவது, வெளியீடு முடியும் தேதி. குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 30 நாள் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. பல நிறுவனங்கள் குறைந்த நாட்களையே தேர்ந்தெடுக்கின்றன. தேதி நீட்டிக்கப்படும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள்.

3. உங்கள் உரிமைக்கு என்ன மதிப்பு என்று கணக்குப் போடுங்கள்

நான் முதல்முறை கோட்டை விட்டதற்குக் காரணம் இந்தக் கணக்கு தெரியாததுதான். ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம்.

உங்களிடம் 100 பங்கு இருக்கிறது. சந்தை விலை 200 ரூபாய். மொத்த மதிப்பு 20,000. நிறுவனம் 4 பங்குக்கு 1 என்ற விகிதத்தில், 140 ரூபாய் விலையில் ரைட்ஸ் அறிவிக்கிறது. உங்களுக்கு 25 ஆர்இ கிடைக்கும்.

நான்கு பழைய பங்கின் மதிப்பு 800 ரூபாய். அதோடு ஒரு புதிய பங்குக்கு 140 ரூபாய் சேர்கிறது. ஐந்து பங்குக்கு 940, ஒரு பங்குக்கு 188. ரெக்கார்டு தேதி அன்று பங்கின் விலை 200லிருந்து ஏறக்குறைய இந்த 188க்கு இறங்குவது இயல்பு. அன்று காலை செயலியைத் திறந்ததும் ‘ஆறு சதவீதம் விழுந்துவிட்டது’ என்று பயந்து விற்றுவிடாதீர்கள். விழுந்த அந்த 12 ரூபாய் எங்கேயும் போகவில்லை, ஆர்இ ஆக மாறி உங்கள் கணக்குக்கு வரப்போகிறது.

ஒரு ஆர்இயின் மதிப்பு 188லிருந்து 140ஐக் கழித்தால் 48 ரூபாய். 25 ஆர்இக்கு 1,200 ரூபாய். இப்போது மூன்று பேரைப் பாருங்கள்.

விண்ணப்பித்தவர் 3,500 ரூபாய் கட்டி 125 பங்கு வைத்திருக்கிறார். மதிப்பு 23,500. போட்ட பணத்தைக் கழித்தால் பழைய 20,000 அப்படியே இருக்கிறது.

விற்றவரிடம் 18,800 மதிப்புள்ள பங்கும் 1,200 ரூபாய் பணமும் இருக்கின்றன. அவருக்கும் 20,000.

சும்மா இருந்தவரிடம் 18,800 மட்டும். அந்த 1,200 ரூபாயின் பயன் வெளியீட்டில் பணம் போட்ட மற்றவர்களுக்குப் போய்விட்டது.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். 200 ரூபாய்ப் பங்கை 140க்குத் தருகிறார்கள், 60 ரூபாய் லாபம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். தள்ளுபடி உங்கள் பாக்கெட்டிலிருந்தே வருகிறது. ரைட்ஸில் யாரும் இலவசமாக எதையும் தருவதில்லை.

பின்னம் பற்றி ஒரு வார்த்தை. மேலே சொன்ன விகிதத்தில் 30 பங்கு வைத்திருப்பவருக்கு ஏழரை வர வேண்டும், ஆனால் 7தான் வரும். அரையை விட்டுவிடுவார்கள். 3 பங்கு மட்டும் வைத்திருப்பவருக்கு ஆர்இ பூஜ்யம். ஆனாலும் அவர் விண்ணப்பிக்கலாம். இப்படிப் பின்னம் இழந்தவர்கள் கூடுதல் பங்கு கேட்டால், ஒரு பங்கு கொடுப்பதில் அவர்களுக்கு முன்னுரிமை உண்டு.

4. லெட்டர் ஆஃப் ஆஃபரில் இவற்றைத் தேடிப் படியுங்கள்

லெட்டர் ஆஃப் ஆஃபர் என்பது வெளியீட்டின் முழு விவரமும் இருக்கும் ஆவணம். நிறுவனத்தின் இணையதளம், ரெஜிஸ்ட்ராரின் (நிறுவனத்துக்காக விண்ணப்பங்களையும் ஒதுக்கீட்டையும் கவனிக்கும் அமைப்பு) இணையதளம், பங்குச் சந்தைகளின் தளம் ஆகியவற்றில் அது இலவசமாகக் கிடைக்கும். மின்னஞ்சலுக்கும் சுருக்க வடிவம், விண்ணப்பப் படிவம், உங்கள் உரிமை எத்தனை என்று சொல்லும் கடிதம் மூன்றும் வரும். எனக்கு வந்த கடிதம் ஸ்பேம் பெட்டியில் கிடந்தது, அங்கேயும் ஒருமுறை பாருங்கள். வரவே இல்லை என்றாலும் கவலை வேண்டாம். கேஃபின், எம்யுஎஃப்ஜி இன்டைம், சென்னையில் உள்ள கேமியோ போன்ற ரெஜிஸ்ட்ரார்களில் யார் இந்த வெளியீட்டைக் கவனிக்கிறார்களோ அவர்கள் தளத்தில் பான் எண்ணோ டீமேட் எண்ணோ கொடுத்தால் உங்கள் உரிமை தெரிந்துவிடும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க: இந்த ஆவணங்கள் இந்திய முகவரி கொடுத்திருப்பவர்களுக்குத்தான் அனுப்பப்படும். டீமேட்டில் துபாய் முகவரியோ சிங்கப்பூர் முகவரியோ மட்டும் இருந்தால் உங்களுக்கு எதுவும் வராமல் போகலாம். ரெஜிஸ்ட்ராருக்கு முன்கூட்டியே எழுதி இந்திய முகவரியைப் பதிந்துவிடுங்கள்.

முழு ஆவணத்தையும் படிக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். இரண்டு இடம் முக்கியம். பணம் எதற்கு என்ற பகுதி ஒன்று. புதிய ஆலைக்கா, பழைய கடனை அடைக்கவா, அல்லது ‘பொதுவான நிறுவனத் தேவைகளுக்கு’ என்று மொட்டையாகச் சொல்கிறார்களா? இந்தக் கடைசிப் பிரிவுக்கு மொத்தத் தொகையில் 25 சதவீதத்துக்கு மேல் ஒதுக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. கடன் அடைக்க என்றால் எந்தக் கடன், யாருக்கு என்று பாருங்கள். ப்ரொமோட்டர் குடும்பத்துக்கே திரும்பிப் போகும் கடனாக இருந்தால் நான் இரண்டு முறை யோசிப்பேன்.

இன்னொன்று, ப்ரொமோட்டர் தன் உரிமைக்கு முழுசாகப் பணம் போடுகிறாரா என்பது. தன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தானே மொய் வைக்காதவர் நம்மிடம் எதிர்பார்ப்பது எந்த நியாயம்? அவர் தன் உரிமையை வேறு யாருக்காவது விட்டுக்கொடுக்கிறார் என்றால் அது யார், ஏன் என்பதும் ஆவணத்தில் இருக்கும்.

5. முடிவை எந்த நாளில் எடுப்பது

முதல் நாளே ஓடிப்போய் விண்ணப்பிக்க வேண்டிய அவசியம் இல்லை. வெளியீடு திறந்திருக்கும் நாட்களில் சந்தை விலை மாறிக்கொண்டே இருக்கும். 140 ரூபாய் வெளியீடு ஓடிக்கொண்டிருக்கும்போது சந்தையிலேயே பங்கு 135க்குக் கிடைத்தால், 140 கட்டி விண்ணப்பிப்பதில் அர்த்தமில்லை. அந்த நிறுவனம் பிடித்திருந்தால் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். அந்த நிலையில் ஆர்இக்கும் விலை ஏறக்குறைய இருக்காது.

நான் கடைப்பிடிப்பது இது. விற்பதென்றால் ஆர்இ வர்த்தகத்தின் முதல் பாதியிலேயே விற்றுவிடுவேன், கடைசி இரண்டு நாட்களில் எல்லாரும் ஒரே சமயத்தில் விற்க வருவார்கள். விண்ணப்பிப்பதென்றால் முடியும் தேதிக்கு மூன்று வேலை நாள் முன்பு. ஏதாவது பிழை வந்தால் சரிசெய்ய அந்த மூன்று நாள் தேவைப்படும்.

6. விண்ணப்பிப்பது

ஐபிஓவுக்குப் புரோக்கர் செயலியில் யுபிஐ கொடுத்துப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ரைட்ஸுக்கு அஸ்பா முறையில், வங்கி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கும், வேறு எதற்கும் எடுக்க முடியாதபடி முடக்கி வைப்பார்கள். பங்கு ஒதுக்கும்போதுதான் எடுத்துக்கொள்வார்கள். அதுவரை சேமிப்புக் கணக்கின் வட்டி உங்களுக்கே.

முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை:

பான் எண். டீமேட் எண், முழுதாக 16 இலக்கம். டீமேட் கணக்குகளைப் பராமரிக்கும் அமைப்புகள் என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் என்று இரண்டு. என்எஸ்டிஎல் கணக்கு என்றால் ‘ஐஎன்’ என்ற எழுத்துகளோடு தொடங்கும், முதல் 8 இடம் டிபி ஐடி (டிபி என்பது உங்கள் டீமேட்டைத் திறந்து கொடுத்த புரோக்கர் அல்லது வங்கி), அடுத்த 8 கிளையன்ட் ஐடி. சிடிஎஸ்எல் என்றால் 16ம் எண்கள்தான். ரெக்கார்டு தேதி அன்று வைத்திருந்த பங்கின் எண்ணிக்கை. ஆர்இ எண்ணிக்கை. அப்புறம், நெட் பேங்கிங் வேலை செய்யும் வங்கிக் கணக்கில் போதுமான பணம்.

உங்கள் வங்கி அஸ்பா வசதி உள்ள வங்கியா என்று பாருங்கள். பெரிய அரசு வங்கிகளும் தனியார் வங்கிகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, சிறிய கூட்டுறவு வங்கிகள் பல இல்லை. செபி தளத்தில் பட்டியல் இருக்கிறது.

நெட் பேங்கிங்கில் நுழைந்து ஐபிஓ அல்லது அஸ்பா என்ற பக்கத்தைத் தேடுங்கள். ரைட்ஸ் இஷ்யூவும் பெரும்பாலும் அதே பக்கத்துக்குள்தான் ஒளிந்திருக்கும். முதல்முறை என்றால் உங்கள் பெயர், பான், டீமேட் விவரத்தை விண்ணப்பதாரராகப் பதிய வேண்டும். இந்தப் பதிவை வெளியீடு திறக்கும் முன்பே செய்து வையுங்கள். பிறகு நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் பழைய பங்குதாரரா அல்லது ஆர்இயை வாங்கியவரா என்ற இடத்தில் சரியானதைக் குறித்து, எத்தனை பங்கு வேண்டும் என்று நிரப்பி அனுப்பினால் முடிந்தது. விண்ணப்ப எண் வரும், அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள். பணம் முடக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தியும் வர வேண்டும். அது வரவில்லை என்றால் விண்ணப்பம் போகவில்லை என்றே வைத்துக்கொண்டு வங்கியைக் கேளுங்கள்.

நெட் பேங்கிங் இல்லாதவர்கள் படிவத்தை நிரப்பி வங்கிக் கிளையில் கொடுக்கலாம். நான் போன கிளையில் இருந்த ஊழியருக்கு ரைட்ஸ் படிவம் என்றால் என்னவென்றே தெரியவில்லை, ஐபிஓவா என்று மூன்று முறை கேட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும் வேலை அது. எந்தக் கிளையில் அஸ்பா படிவம் வாங்குவார்கள் என்று முதலில் போனில் கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் குறையும். ஒப்புகைச் சீட்டில் முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம்.

படிவமே கையில் இல்லாவிட்டால் வெள்ளைத்தாளில் எழுதிக்கூட விண்ணப்பிக்கலாம். நிறுவனத்தின் பெயர், உங்கள் பெயர், முகவரி, டீமேட் எண், ரெக்கார்டு தேதியில் வைத்திருந்த பங்கு, உரிமை எத்தனை, கேட்பது எத்தனை, தொகை, வங்கிக் கணக்கு, பான், கையெழுத்து என்று எல்லாம் இருக்க வேண்டும். லெட்டர் ஆஃப் ஆஃபரில் மாதிரி இருக்கும், அதைப் பார்த்து வரி மாறாமல் எழுதுங்கள்.

இனி, எந்தக் காரணங்களால் நிராகரிக்கிறார்கள் என்று சொல்கிறேன். அம்மாவின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதற்குக் காரணம், டீமேட் அம்மாவுடையது, பணம் போனது என் கணக்கிலிருந்து. மகன்தானே கட்டுகிறான் என்று நான் நினைத்தேன். அடுத்தவர் கணக்கிலிருந்து பணம் என்றால் அது மூன்றாம் நபர் பணம், மகனாக இருந்தாலும் சரி. விண்ணப்பிப்பவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கையே பயன்படுத்துங்கள். அம்மா, அப்பா பெயரில் பங்கு இருந்தால் அவர்கள் கணக்குக்குப் பணத்தை முதலில் மாற்றிவிட்டு, அங்கிருந்து போடுங்கள்.

கூட்டு டீமேட் என்றால் படிவத்தில் எல்லாரும் கையெழுத்திட வேண்டும், டீமேட்டில் பெயர்கள் இருக்கும் அதே வரிசையில். ஒரே டீமேட்டிலிருந்து இரண்டு முறை விண்ணப்பித்தாலும் சிக்கல்தான். இன்னொரு பெரிய தவறு: விண்ணப்பித்த பிறகும் ஆர்இ உங்கள் டீமேட்டில் தெரிந்துகொண்டுதான் இருக்கும். ‘இது இன்னும் இருக்கிறதே’ என்று அதை விற்றுவிடாதீர்கள். வெளியீடு முடியும் நாளில் ஆர்இ உங்கள் கணக்கில் இருந்தால்தான் அந்த விண்ணப்பத்துக்கு உயிர்.

காகிதப் பத்திரமாகவே பங்கு வைத்திருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்காகவும் பாருங்கள். அவர்களுக்குரிய ஆர்இ ஒரு தற்காலிகக் கணக்கில் நிறுத்தி வைக்கப்படும். வெளியீடு முடிவதற்கு இரண்டு வேலை நாள் முன்புவரை டீமேட் விவரம் கொடுத்தால்தான் அது அவர்கள் கணக்குக்கு மாறும். டீமேட் திறக்கவே சில நாள் ஆகும் என்பதால் அறிவிப்பு வந்த அன்றே வேலையைத் தொடங்க வேண்டும்.

கூடுதல் பங்கும் கேட்கலாம். உங்கள் உரிமை முழுவதற்கும் விண்ணப்பித்து, எதையும் விற்காமல் இருந்தால், அதற்கு மேலும் எத்தனை வேண்டும் என்று குறிக்கலாம். மற்றவர்கள் விட்டுப்போன பங்கு மிஞ்சினால் கிடைக்கும். கேட்ட மொத்தத்துக்கும் பணம் முடக்கப்படும், கிடைக்காத பகுதி பிறகு விடுவிக்கப்படும்.

விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் கிடையாது. யாராவது ‘பதிவுக் கட்டணம்’ கேட்டால் அது மோசடி.

7. விற்பது

பணம் போட விருப்பமில்லை என்றால் ஆர்இயை வழக்கமான பங்கு போலவே புரோக்கர் செயலியில் விற்கலாம். ஒரே ஒரு ஆர்இயைக்கூட விற்கலாம். அன்றே வாங்கி அன்றே விற்பது மட்டும் முடியாது. விற்க டிபின் என்ற ரகசிய எண் கேட்கும் கணக்கு என்றால் வழக்கம் போல அனுமதி கொடுக்க வேண்டும்.

செலவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். புரோக்கரேஜோடு டிபி கட்டணமும் உண்டு. எத்தனை ஆர்இ விற்றாலும் ஒரு நாளைக்கு ஒரு நிலையான தொகை, பல புரோக்கர்களிடம் இருபது ரூபாய்க்குப் பக்கத்தில். மூன்று ஆர்இ, ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய் என்றால் விற்பதில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. இருபத்தைந்து ஆர்இ 48 ரூபாய்க்கு என்றால் கண்டிப்பாக விற்க வேண்டும். நிறைய இருந்தால் ஒரே நாளில் விற்றுவிடுங்கள், இரண்டு நாளாகப் பிரித்தால் டிபி கட்டணமும் இரண்டு முறை.

குடும்பத்தில் வேறு ஒருவருக்குக் கொடுக்க வேண்டுமானால் சந்தைக்குப் போகாமல் டெலிவரி சீட்டு வழியாக அவர் டீமேட்டுக்கு மாற்றலாம். வெளியீடு முடியும் முன் அவர் கணக்கில் வந்து சேர்ந்து, அவர் தன் பெயரில் விண்ணப்பிக்கவும் நேரம் இருக்க வேண்டும். ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள்.

இப்போது வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இதைப் படிப்பவர்களில் ஒருவராவது தப்பித்தால் எனக்கு நிம்மதி. செயலியில் ஒரு நிறுவனத்தின் பெயரைத் தேடும்போது 188 ரூபாய்க்கு ஒன்று, 48 ரூபாய்க்கு ஒன்று என்று இரண்டு வரி தெரியும். 48 ரூபாய்க்கு அதே நிறுவனம் மலிவாகக் கிடைக்கிறது என்று நினைத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் வாங்கியது பங்கு இல்லை, 140 ரூபாய் கட்டிப் பங்கு பெறும் உரிமை மட்டும். அந்த 140ஐயும் கட்டி விண்ணப்பிக்காவிட்டால் 48ம் போச்சு, முழுவதும். பெயரின் முடிவில் ‘ஆர்இ’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.

8. தவணையில் பணம் கட்டும் வெளியீடு என்றால்

சில வெளியீடுகளில் முழு விலையையும் ஒரே தடவையில் கேட்க மாட்டார்கள். ரிலையன்ஸ் 2020ல் ஒரு பங்குக்கு 1,257 ரூபாய் என்று வைத்து, விண்ணப்பத்தின்போது 314.25 ரூபாய், 2021 மே மாதம் இன்னொரு 314.25, நவம்பரில் மீதி 628.50 என்று வாங்கியது. பார்தி ஏர்டெல் 2021ல் 535 ரூபாயில் முதலில் 25 சதவீதம், அதாவது 133.75 ரூபாய் மட்டும் வாங்கியது.

முதல் தவணை சின்னதாகத் தெரிவதால் கைக்கு மீறி விண்ணப்பிக்கும் ஆசை வரும். அப்படிச் செய்யாதீர்கள். மீதித் தவணைக்கு அழைப்பு வரும்போது கட்டாவிட்டால் பங்கையும் ஏற்கெனவே கட்டிய பணத்தையும் நிறுவனம் பறிமுதல் செய்ய முடியும். முழுத் தொகை என்னவோ அதை வைத்தே எத்தனை பங்கு என்று முடிவு செய்யுங்கள்.

இப்படிப்பட்ட பங்குகள் தனி ஐஎஸ்ஐஎன் எண்ணில் (பங்கை அடையாளம் காட்டும் குறியீடு), தனி விலையில் வர்த்தகமாகும். விலை குறைவாகத் தெரிவது மீதித் தவணை பாக்கி இருப்பதால்தான். தவணை அழைப்புக்கும் ரெக்கார்டு தேதி உண்டு. அன்று யார் கையில் பங்கு இருக்கிறதோ அவர்தான் கட்ட வேண்டும். அழைப்பு மின்னஞ்சலில் வரும் என்பதால், டீமேட்டில் பதிந்திருக்கும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் இப்போது நீங்கள் பயன்படுத்துபவைதானா என்று பார்த்துவிடுங்கள்.

9. ஒதுக்கீட்டுக்குப் பிறகு

வெளியீடு முடிந்த சில வேலை நாட்களில் ஒதுக்கீடு நடக்கும். டீமேட்டில் ஆர்இ வரி மறைந்து புதிய பங்கு வரும். வங்கியில் முடக்கிய பணத்தில் எடுத்தது போக மீதி விடுபட்டதா என்று பாருங்கள். பணமும் விடுபடவில்லை, பங்கும் வரவில்லை என்றால் முதலில் ரெஜிஸ்ட்ராருக்கு விண்ணப்ப எண், முடக்கப்பட்ட தொகை, ஒப்புகையின் நகல் மூன்றையும் வைத்து எழுதுங்கள். பதில் இல்லாவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதியலாம்.

வரிக்காகக் காகிதங்களைச் சேர்த்து வையுங்கள். ரைட்ஸில் கிடைத்த பங்குக்கு நீங்கள் கட்டிய விலைதான் அடக்க விலை, வைத்திருந்த காலம் ஒதுக்கீட்டுத் தேதியிலிருந்து தொடங்கும். பழைய பங்கை வாங்கிய தேதியை இதற்குப் போடக் கூடாது. ஆர்இயை விற்றிருந்தால் அதன் அடக்க விலை பூஜ்யம், விற்ற தொகை முழுவதும் குறுகிய கால மூலதன ஆதாயம். சந்தையில் ஆர்இ வாங்கிப் பங்காக மாற்றியவருக்கு, ஆர்இக்குக் கொடுத்ததும் நிறுவனத்துக்குக் கட்டியதும் சேர்ந்ததே அடக்க விலை. சில புரோக்கர் செயலிகளில் ரைட்ஸ் பங்கின் வாங்கிய விலை தானாக ஏறாமல் பூஜ்யமாகவோ காலியாகவோ நிற்கும். அதை அப்படியே விட்டால் விற்கும்போது லாபக் கணக்கு தப்பாக வரும். ஒதுக்கீட்டு மின்னஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டு விலையையும் தேதியையும் நீங்களே செயலியில் பதிந்துவிடுங்கள்.